நாலடுக்கு கேரியர்

ஜூன் 9, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது. அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை இம்மானுவேலுக்குக் கொடுத்துவிட்டு, காலி கேரியரை நான் சாப்பிட்டதுபோல வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு ‘சூப்பர்’ என்றும் சொன்னேன். இது ஒரு பொய்யா, இரண்டு பொய்யா என்று தெரியவில்லை. நாளைய வேலை: அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் ராபின் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லத்தான் போனான். சமையலறை வாசலில் நின்று தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டான். அதற்குள் அம்மா விக்டோரியா மூன்றடுக்கு கேரியரை அவன் கையில் திணித்து, “பஸ்ஸு வந்துரும், ஓடு ஓடு” என்று வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த கேரியர்தான் அவனுக்கு விளங்கவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ, தொட்டுக்கொள்ள ஊறுகாய். அவ்வளவுதான். உடம்பைக் குறைக்கப்போவதாக அவன் கம்பெனி பஸ்ஸில், கூட வேலை பார்க்கும் இம்மானுவேல் ஒருவனிடம் மட்டும், அதுவும் காதோடு காதாகச் சொன்னது போன வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் பரணிலிருந்து மூன்றடுக்கு கேரியர் இறங்கி, துலக்கப்பட்டு, பளபளவென்று மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

“உடம்பை எறக்கலாம்னு நெனைச்ச அன்னிக்கே எப்டிடா இது?” என்று இம்மானுவேலிடம் புலம்பினான்.

“சோதனைடா மச்சான்,” என்றான் இம்மானுவேல், மூடியைத் திறந்தபடி. “இன்னா இன்னிக்கு? எறா தொக்கா?”

ராபினுக்குத் தேர்வாய் கண்டிகையில் காருக்குத் தகடு அடிக்கும் ஆலையில், ஸ்டோர்ஸில் வேலை. தலைக்குமேல் ஓடும் கிரேனைப் பராமரிக்கும் குழுவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அந்த இடத்துக்காகத்தான் வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து திருவள்ளூரில் இறங்கி, மாலைநேர டிப்ளமா வகுப்பில் இம்மானுவேலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படிப்பு போதும், அனுபவம் போதும் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மேலே ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் மட்டும்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

“நூத்தி ஒம்போது,” என்று எடையைப் படித்தாள், முதலுதவி அறை நர்ஸ் திலகவதி. “பெல்ட்டு நூறு கிலோதான் தாங்கும். மீதி ஒம்போது கிலோவ கீழ வெச்சிட்டு ஏறுவியா?”

“எறக்கிடுவேன் சிஸ்டர். முன்னாடியே ரெண்டு வாட்டி எறக்கியிருக்கேன்.”

“ரெண்டு வாட்டி ஏத்தியும் இருக்க. அதனாலதான ஷாப் ஃப்ளோர்ல உன்ன லிஃப்ட்டுன்னு கூப்புடறானுங்க.”

ராபின் எடை மெஷினிலிருந்து இறங்கினான். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று இதுவரை நடித்துவந்தான்.

திலகவதிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டாள். “இங்க பாரு. மாடிப்படில நடுவுல ஒரு தளம் இருக்குதுல்ல, எதுக்கு? நின்னு மூச்சு வாங்கத்தான். நாலு கிலோ எறங்கு. ரெண்டு வாரம் அங்கியே நில்லு. ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது. அப்பறம் மறுபடி எறங்கு, மறுபடி நில்லு. எறங்கறத எவன் வேணா செஞ்சிருவான். நிக்கறதுதான் வேலை. அதுக்குத்தான் ஒரு மாசம் உட்டு ரெண்டு வாட்டி எடை பாக்கறாங்க. போன வருஷம் ஒருத்தன் மூணு நாள் பட்டினி கெடந்து பாஸாயிட்டு, நாலாம் நாள் பிரியாணில உக்காந்தான்.”

படி, தளம், படி, தளம் என்று டைரியில் படம் போட்டுக்கொண்டான் ராபின். அவனுக்கு எதுவும் படம் போட்டால்தான் நம்பிக்கை வரும். போட்ட படம் சரிதானா என்று பிறகு சந்தேகமும் வரும்.

வீட்டில் மட்டும் சொல்ல முடியாது. போன தடவை அவன் சோற்றைக் குறைத்தபோது, பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று முடிவுகட்டி, அம்மா ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று ஜெபக் குறிப்பு கொடுத்துவிட்டாள். சபையே அவன் தலையில் கை வைத்தது. எனவே மத்தியானம் ராபினுக்கு கேன்டீனில் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். கேரியர் இம்மானுவேலுக்கு. பாத்திரம் காலியாகத் திரும்பும். அம்மாவும் சந்தோஷமாக இருப்பாள். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று தோன்றியது.

அம்மா கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டுவிட்டாள். பத்து நாளில் மூன்றடுக்கு நாலடுக்கானது.

“வழிச்சி நக்கியிருக்கியேடா, பத்தலியா?” என்று பூரித்தாள்.

ராபின் யோசித்தான். தவறு காலியாகக் கொண்டுவந்ததில்தான். மறுநாள் இம்மானுவேலின் கையைப் பிடித்து நிறுத்தி, பொரியலில் பாதியை மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதைத் திறந்து பார்த்த தங்கை ஷைனியின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று.

“ஏன், புடிக்கலியாமா?” என்றாள்.

“புடிக்கலியான்னு கேக்கறியா? புடிச்சிது. வயிறு ரொம்பிடுச்சி.”

மறுநாள் பொரியல் இல்லை. மட்டன் சுக்கா, முட்டை, நெத்திலி வறுவல். மிச்சம் வைக்கும் யோசனையை ராபின் கைவிட்டான்.

இதில் இன்னொரு விசித்திரம். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இம்மானுவேல், “கொழம்புல காரம் கொஞ்சம் தூக்கல் மச்சான்” என்றான். மறுநாள் குழம்பில் காரம் சரியாக இருந்ததாம். “ரசத்துல மிளகு பத்தல” என்றான். மறுநாள் ரசத்தைக் குடித்துவிட்டு அவனுக்குத் தும்மலே வந்தது. ராபின் வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு நாள் தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

“ஷைனி, நைட்டு நான் தூக்கத்துல பேசறனா?”

ஷைனி ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தாள். “ஆமாண்ணா. ரசம், மிளகுன்னு இன்னான்னாவோ பேசற.”

அன்று முதல் ராபின் தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு படுத்தான்.

ஜூலை 4, வெள்ளி. முதல் தளம். நூற்று ஐந்து. இனி இரண்டு வாரம் நிற்க வேண்டும். ஒரு தவறு: வகுப்புக்கு முன் டீக்கடையில் ஒரு மிளகாய் பஜ்ஜி. நாளைய வேலை: பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் முன்னால் போய் ஏற வேண்டும்.

அந்த ஒற்றை பஜ்ஜிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருந்தது. முந்தைய இரண்டு தடவையும் அவன் கவிழ்ந்தது இப்படி ஒரு பஜ்ஜியில்தான். ஒன்று தின்றதும், ‘சரி, எல்லாம் போச்சு’ என்று மனசு கைவிரித்துவிடும், போனது போனதாக இன்னும் நாலு உள்ளே போகும், அப்புறம் பரோட்டா. இந்தத் தடவை ஒன்றோடு எழுந்து வந்து எழுதிவிட்டான். எழுதியபின், அது வெறும் ஒரு பஜ்ஜியாக மட்டுமே தெரிந்தது.

ஆனாலும் நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. இறங்கும்போது எதைத் தின்னக்கூடாது என்று தெரியும். நிற்கும்போது எவ்வளவு தின்னலாம் என்று யாருக்குத் தெரியும்? அரை சப்பாத்தி கூட்டினான், பயந்து கால் சப்பாத்தி குறைத்தான். கேன்டீனில் அவன் தட்டருகே நின்று வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தார்கள். எப்படியோ இரண்டு வாரம் முடிந்தபோது முள் நூற்று ஐந்திலேயே நின்றது. “லிஃப்ட்டு ஒரு மாடில நின்னுடுச்சே!” என்றாள் திலகவதி. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது தளத்தை நெருங்கியபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது. மாலை வகுப்பில் மோட்டார் பாடம். வகுப்பே அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது. இம்மானுவேல் சோம்பல் முறித்தான். அவன் சட்டையின் மூன்றாவது பொத்தான் தெறித்துப் பறந்து, முன் பெஞ்சுக்காரரின் வழுக்கையில் பட்டு, வாத்தியாரின் மேஜையில் போய் விழுந்தது.

ராபின் அன்றுதான் அவனைச் சரியாகப் பார்த்தான். கன்னம் உப்பியிருந்தது. கழுத்தென்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது முகமே தொடர்ந்தது. மே மாதம்வரை இம்மானுவேல் ஹேங்கரில் மாட்டிய சட்டைபோல இருந்தவன்.

“டேய், இன்னாடா ஆச்சு உனக்கு?”

“நைனா ரெண்டு வாட்டி சட்டைய பிரிச்சித் தெச்சிட்டாரு,” என்றான் இம்மானுவேல், கூச்சத்துடன் வயிற்றைத் தடவிக்கொண்டு.

அவனுடைய அப்பா பாக்கியநாதன் திருநின்றவூரில் டெய்லர். பேசும்போதே எதிராளியின் தோள் அகலத்தைக் கண்ணால் அளக்கிற மனிதர். அவருடைய மீசையை நினைத்ததுமே ராபின் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். தன் உடம்பிலிருந்து இறங்குவதெல்லாம் எங்கேயும் காணாமல் போகவில்லை. அலுங்காமல் அப்படியே இம்மானுவேலுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரே பிள்ளை. நாளைக்கு அவனுக்கு சுகர் வந்தால்?

ஆகஸ்ட் 12, செவ்வாய். தவறு: நான் இளைப்பதற்காக ஒருவனைப் பருக்கவைத்துவிட்டேன். நாளைய வேலை: கேரியரை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டும்.

கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி ஆதிகேசவனுக்குக் கொடுத்தான். ஆதிகேசவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மத்தியானம் இம்மானுவேல் கேன்டீன் வாசலில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

“கேரியர் எங்க மச்சான்?”

“உன் நல்லதுக்குத்தான்டா. நீயும் என்கூட வெள்ளரிக்கா சாப்டு.”

“வெள்ளரிக்காவா?” இம்மானுவேலுக்குக் கண்கள் கலங்கிவிட்டன. “இன்னா வேலைடா பண்ணிவெச்ச?”

அன்று மாலை ஷைனி வாசலிலேயே வழிமறித்தாள்.

“வஞ்சரம் எப்டிண்ணா இருந்துச்சு?”

“செம. வாயில வெச்சதும் கரைஞ்சிடுச்சி.”

“முள்ளு?”

“ஒண்ணு ரெண்டு இருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்.”

“இன்னிக்கு மீனே வெக்கல. எண்ணெய்க் கத்திரிக்கா.”

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. மூன்று நாளும் பழைய பிளாஸ்டிக் டப்பாவில் தயிர் சாதம் வந்தது. இது நல்லதாயிற்றே என்று ராபின் மகிழ்ந்ததுதான் பெரிய வினை. தயிர் சாதம் அவனுடைய பலவீனம். இம்மானுவேல் தொடமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்று டப்பா தயிர் சாதமும் ராபினுக்குள்ளேயே போயின. முள் ஒரு கிலோ ஏறிக் காட்டியது.

“லிஃப்ட்டு மேல போவுதே,” என்றாள் திலகவதி.

அன்று பஸ்ஸில் ராபின் கண்ணை மூடிக்கொண்டு ஒரு திட்டம் போட்டான். முழு உண்மையைச் சொல்லத் தைரியமில்லை, பாதியைச் சொல்லலாம். சாப்பாட்டை இம்மானுவேலோடு பகிர்ந்துகொள்வதாகச் சொன்னால், வீட்டில் கோபமும் தணியும், பாதி சாப்பாட்டுக்காவது கணக்கு நேராகும். இரவு சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

“இம்மானுவேல் பாவம்மா. அவங்க அம்மாவுக்குக் கை வலி. சமைக்க முடியல. அதான் நம்ம சாப்பாட்ட அவனுக்கும் தரேன்.”

கை வலி எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

ஷைனி சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா ஷைனியைப் பார்த்தாள். டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அப்பா யேசுதாஸ்கூட ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டார். அவர் வீட்டில் பேசுவது அபூர்வம். நாட்டாமை எல்லாம் அம்மாதான்.

“அய்யோ பாவமே,” என்றாள் அம்மா. “அப்ப ஞாயித்துக்கெழமை போயி நான் பாத்துட்டு வரேன்.”

ராபின் சப்பாத்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். “நீ எதுக்கும்மா? லேசான வலிதான்.”

“ஒரு பொம்பளைக்குக் கை வலின்னா, போயிப் பாக்க வேணாமா? நல்லா இருக்கே!”

ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தைலப் புட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு செவ்வாப்பேட்டையில் ரயிலேறினாள். அவள் திரும்பிவரும்வரை ராபின் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். அந்த நடையிலேயே அரை கிலோ குறைந்திருக்கும்.

“எப்டிம்மா இருக்கு கை?”

“ம்… நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அம்மா. முகத்தில் ஒரு சிரிப்பு. “நெறைய பேசிக்கினு இருந்தோம்.”

எதைப் பேசினீர்கள் என்று கேட்காமல் ராபின் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். திங்கட்கிழமை காலை மேஜையில் நாலடுக்கு கேரியர் திரும்பவும் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பாயசத்துக்குத் தனியாக ஒரு தூக்கு.

இம்மானுவேலோடு மல்லுக்கட்டும் தெம்பு ராபினுக்குப் போய்விட்டது. கேரியர் வழக்கப்படி கைமாறியது. அவன் தன் படியை மட்டும் பார்த்து இறங்கினான். ஏறிய ஒரு கிலோவை ஒரு பஜ்ஜியைப்போலவே எழுதிவிட்டு, மறுநாள் வேலையைப் பார்த்தான். ஆகஸ்ட் கடைசியில் முதல் சோதனை. முள் ஆடி ஆடித் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது.

“பாதி பாஸு,” என்றாள் திலகவதி. “இனி ஒரு மாசம் நில்லு.”

அந்த ஒரு மாதத்தில் சபையில் இரண்டு கல்யாணம், வகுப்பில் ஒரு பிறந்தநாள் கேக், இரண்டு நாள் ஜுரம். கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டான், ஒரு தட்டு. கேக்கில் ஒரு துண்டு. ஜுரத்தில் இறங்கியதைக் கண்டு குதிக்கவில்லை, பிரியாணியில் ஏறியதைக் கண்டு அழவும் இல்லை. மறுநாள் அதே நடை, அதே சப்பாத்தி. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று கை தானாகத் தெரிந்துகொண்டது, எப்போது என்று அவனால் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 27, சனிக்கிழமை, இரண்டாவது சோதனை. தொண்ணூற்று எட்டரை. திலகவதி பாதுகாப்பு பெல்ட்டைத் தன் கையாலேயே மாட்டிவிட்டு, கொக்கியைச் சுண்டிப் பார்த்தாள். “இனிமே எவனாவது லிஃப்ட்டுன்னு கூப்ட்டா எங்கிட்ட சொல்லு.”

ராபின் பஸ்ஸில் வானத்தில் மிதந்துகொண்டு வந்தான். இம்மானுவேல்தான் ஒரு மாதிரியாக இருந்தான். வேர்த்துக்கொண்டே இருந்தான். இறங்கும்போது, “நாளைக்கு நைனா உங்க ஊட்டுக்கு வராரு மச்சான், அம்மாவும்” என்றான். பஸ் நகர்ந்துவிட்டது.

ராபின் வானத்திலிருந்து விழுந்தான்.

டெய்லர் வருகிறார். பிள்ளையைக் குண்டாக்கியவனிடம் கணக்குத் தீர்க்க வருகிறார். கை வலி கதையும் கட்டாயம் வெளியே வரும். இரவெல்லாம் புரண்டான். முந்திக்கொண்டு தானே ஒப்புக்கொள்வதுதான் கௌரவம் என்று விடியும்போது தீர்மானித்தான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பி ஒரு மணி நேரத்தில் பாக்கியநாதன் வந்துவிட்டார். மீசை முறுக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு பெரிய துணிப்பையோடு. பிரித்துத் தைத்த சட்டைகளைச் சாட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று ராபினுக்குப் புரிந்தது. பின்னால் அவருடைய மனைவி. அவளுக்கும் பின்னால், புதுச் சட்டையில் பொங்கி வழிந்துகொண்டு இம்மானுவேல்; தலையைக் குனிந்திருந்தான்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மா டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். பாக்கியநாதன் தொண்டையைச் செருமி, “நாங்க இன்னாத்துக்கு வந்திருக்கோம்னா…” என்று ஆரம்பித்தார்.

“அங்கிள், தப்பு என்னோடது!” ராபின் எழுந்து நின்றுவிட்டான். “நாலு மாசமா எங்க அம்மா எனக்குக் கட்டிக் குடுத்த சாப்பாட்ட நான் சாப்புடல. எல்லாத்தையும் உங்க புள்ளைக்குக் குடுத்து அவன இந்தக் கதிக்கு ஆளாக்கினது நான்தான். ஆன்ட்டிக்குக் கை வலின்னு சொன்னதும் பொய். அம்மா, மன்னிச்சிரு. நீ எனக்குன்னு ஆசை ஆசையா செஞ்சத…”

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இம்மானுவேலின் அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விக்டோரியா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சமையலறைக்குள் ஷைனி கையிலிருந்து எதுவோ கீழே விழுந்து உருண்டது. இம்மானுவேல் செருப்பைக் கழற்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கியநாதனுடைய பையிலிருந்து ஓர் ஆப்பிளும் மல்லிகைச் சரமும் எட்டிப் பார்த்தன. ராபின் அவற்றைப் பார்த்தான். சட்டை எதையும் காணவில்லை.

“இன்னா சொல்றான் உங்க பையன்?” என்றார் பாக்கியநாதன்.

யேசுதாஸ் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். இம்மானுவேலை உச்சி முதல் பாதம்வரை ஒரு தடவை திருப்தியாகப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

“டேய், ‘காத்தடிச்சா பறந்துர்ற பையனுக்கு எம்பொண்ணத் தரமாட்டேன்’னு மே மாசம் ஷைனிகிட்ட நான் சொன்னதுக்குத்தான் அந்த கேரியரே, அது மாப்ள சாப்பாடுடா; நீ சும்மா தூக்கிக்கினு போனவன்!”

செப்டம்பர் 28, ஞாயிறு. இன்று தவறு: லட்டு, இரண்டு. நாளைய வேலை: கேரியரை மாப்பிள்ளையிடம் சேர்க்க வேண்டும். எனக்கு இரண்டு சப்பாத்தி தனியாகக் கட்டித்தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.